வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் பிளாக்செயின்: பவானிபூர் சொல்லும் பாடம் என்ன?

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவில் உள்ள பவானிபூர் சட்டப்பேரவைத் தொகுதியை அரசியல் கட்சியினர் 'மினி இந்தியா' என்று அழைப்பது வழக்கம். வங்காளிகளுடன் குஜராத்தியர், மார்வாரியர், பஞ்சாபியர், பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் எனப் பல மொழியினர் இங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சற்றுத் தெற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட காலமாக வசித்து வருகின்றன. ஊரை விட்டு வந்தவர்கள் நிறைந்த இத்தகைய தொகுதியில், யார் எங்கே வாக்களிப்பது என்பது எப்போதும் எளிதில் தீராத கேள்வி.

2021 மே மாதம் நந்திகிராமில் 1,956 வாக்குகள் வித்தியாசத்தில் தோல்வியடைந்த முதல்வர் மம்தா பானர்ஜி, அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று நடைபெற்ற பவானிபூர் இடைத்தேர்தலில் 58,835 வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். நாடே உற்றுநோக்கிய அந்தத் தேர்தலில் பதிவான வாக்குகள் சுமார் 57 சதவீதம் மட்டுமே. முதல்வரின் பதவியே அடங்கியிருந்த ஒரு தேர்தலில், ஏறத்தாழ ஐந்தில் இரண்டு வாக்காளர்கள் சாவடிப் பக்கம் வரவில்லை.

வர இயலாதவர்களுக்குச் செல்பேசியிலேயே வாக்களிக்கும் வசதியைத் தந்தால் என்ன, அந்த வாக்கை யாரும் மாற்ற முடியாதபடி பிளாக்செயினில் பதிந்தால் என்ன என்ற யோசனை கடந்த சில ஆண்டுகளாக அரசு வட்டாரங்களில் வலம் வருகிறது. அண்டை மாநிலமான பீகார் அதைச் செய்தும் பார்த்துவிட்டது. எனினும் சட்டப்பேரவை, மக்களவைத் தேர்தல்களுக்குள் இத்தொழில்நுட்பம் இன்னும் நுழையவில்லை. அதற்கான தடைகள் கணினியின் வேகத்திலோ செலவிலோ மட்டும் இல்லை.

பீகார் செய்த சோதனை

2025 ஜூன் 28 அன்று பீகார் மாநிலத் தேர்தல் ஆணையம், பாட்னா, ரோத்தாஸ், கிழக்கு சம்பாரண் மாவட்டங்களில் 6 நகராட்சி அமைப்புகளுக்கான தேர்தலில் செல்பேசி வழி வாக்குப்பதிவை நடத்தியது. நாட்டில் முதன்முறையாக உண்மையான தேர்தல் ஒன்றில் இம்முறை பயன்படுத்தப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய செயலி ஒன்றும், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் செயலி ஒன்றும் பயன்பட்டன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், நோயுற்றோர், வெளியூரில் வேலை செய்வோர் ஆகியோருக்காகவே இந்த ஏற்பாடு. முக அடையாளச் சோதனை, பிளாக்செயின் பதிவு ஆகியவை பாதுகாப்பு அம்சங்களாக அறிவிக்கப்பட்டன. முன்பதிவு செய்தவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் செல்பேசி வழியே வாக்களித்ததாக ஆணையம் தெரிவித்தது.

இதற்கு முன் 2021 அக்டோபரில் தெலங்கானா மாநிலத் தேர்தல் ஆணையம் கம்மம் மாவட்டத்தில் இதே போன்ற ஒத்திகையை நடத்தியிருந்தது. அது மாதிரி வாக்குப்பதிவு மட்டுமே. எவருடைய வெற்றி தோல்வியும் அதைச் சார்ந்திருக்கவில்லை.

பீகார் சோதனையின் பொருளைப் பவானிபூரில் இருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும். கிழக்கு சம்பாரணைச் சேர்ந்த ஒருவர் இங்குள்ள கடை ஒன்றில் வேலை செய்கிறார் என்று கொள்வோம். அவருடைய ஊர் அந்த 6 நகராட்சி அமைப்புகளில் ஒன்றாக இருந்திருந்தால், 2025 ஜூனில் கடையில் இருந்தபடியே அவரால் வாக்களித்திருக்க முடியும். அதே ஆண்டு நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் சட்டப்பேரவைத் தேர்தல் நடந்தபோது அவர் ரயில் ஏறி ஊருக்குச் சென்றே ஆக வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. சட்டப்பேரவை, மக்களவைத் தேர்தல்களை இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. இரண்டும் தனித்தனி அரசியல் சாசன அமைப்புகள். முன்னது ஏற்றதைப் பின்னது ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆணையத்தின் நீண்ட தயக்கம்

இந்தியத் தேர்தல் ஆணையம் இந்த யோசனையை அறவே புறக்கணித்ததாகவும் கூற இயலாது. சென்னை ஐஐடியுடன் இணைந்து, வேறு ஊரில் இருந்தும் வாக்களிக்கும் பிளாக்செயின் முறை ஒன்றை ஆராய்ந்து வருவதாக 2020 பிப்ரவரியில் ஆணையம் அறிவித்தது. அப்போதும் வீட்டில் இருந்தபடி வாக்களிப்பதாக அது இருக்கவில்லை. வாக்காளர் குறிப்பிட்ட ஒரு மையத்துக்கு நேரில் வர வேண்டும் என்பதே திட்டம். 2024 மக்களவைத் தேர்தலுக்குள் இது நடைமுறைக்கு வரக்கூடும் என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுனில் அரோரா 2021 மார்ச்சில் நம்பிக்கை தெரிவித்தார்.

ஆனால் 2022 டிசம்பர் 29 அன்று ஆணையம் வெளியிட்ட திட்டத்தில் பிளாக்செயின் இல்லை. அதற்குப் பதிலாக, இணையத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத தனித்த கருவி ஒன்று முன்வைக்கப்பட்டது. ஒரே சாவடியில் இருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்க உதவும் அந்த மாதிரிக் கருவியை, 2023 ஜனவரி 16 அன்று நடந்த கூட்டத்துக்கு 8 தேசியக் கட்சிகளையும் 57 மாநிலக் கட்சிகளையும் அழைத்து விளக்க ஆணையம் முனைந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் வாக்களிக்காதவர்கள் 30 கோடிக்கும் மேல் என்பதை அது காரணமாகக் காட்டியது. எதிர்க்கட்சிகள் கடுமையாக ஆட்சேபித்தன. புலம்பெயர்ந்தவர் என்பவர் யார், தொலைவில் உள்ள சாவடிக்கு முகவரை எப்படி அனுப்புவது, வேறு மாநிலத்தில் தேர்தல் நன்னடத்தை விதிகளை எவ்வாறு நிறைவேற்றுவது ஆகிய கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களையும் தேர்தல் நடத்தை விதிகளையும் திருத்த வேண்டிய தேவையும் எழுந்தது. திட்டம் அங்கேயே நிற்கிறது.

இணையமே இல்லாத ஒரு கருவிக்கே இவ்வளவு எதிர்ப்பு என்றால், செல்பேசியில் பதியும் வாக்கின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவுக்கு முன்பே நடக்கும் தவறு

பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு. ஒவ்வொரு பதிவுத் தொகுப்பும் தனக்கு முந்தைய தொகுப்பின் கணித முத்திரையைத் தாங்கி நிற்கும். நடுவில் ஒரு பதிவைத் திருத்தினால் அதற்குப் பின்வரும் முத்திரைகள் அனைத்தும் பொருந்தாமல் போகும். பேரேட்டின் படிகள் பல கணினிகளில் இருப்பதால், ஒரு படியைத் திருத்தியவர் எளிதில் பிடிபடுவார். எழுதியதை அழிக்க முடியாது என்பதே இதன் வலிமை.

ஆனால் எழுதப்பட்டது உண்மைதானா என்பதைப் பேரேடு அறியாது. தேர்தல் சர்ச்சைகளில் பெரும்பாலானவை வாக்கு பதிவான பின் எழுபவை அல்ல. பதிவாகும் முன்பே எழுபவை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளதா, வந்திருப்பவர் அவர்தானா, அவர் தம் விருப்பப்படிதான் வாக்களிக்கிறாரா என்பவையே அவை.

இதற்கு உதாரணம் தேடிப் பவானிபூரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் 2025 டிசம்பர் 16 அன்று வெளியான மேற்கு வங்க வரைவு வாக்காளர் பட்டியலில் சுமார் 58 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. பவானிபூரில் மட்டும் 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. இறந்தோர், இடம் மாறியோர், முகவரியில் காணப்படாதோர், இரு இடங்களில் பெயர் கொண்டோர் என்று ஆணையம் காரணங்களை வகைப்படுத்தியது. தகுதியுள்ளவர்களும் நீக்கப்பட்டுள்ளனர் என்பது திரிணமூல் காங்கிரஸின் குற்றச்சாட்டு. மூன்று நாள் கழித்து வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள் 97 லட்சத்துக்கும் மேல். இந்த வழக்கில் எந்தத் தரப்பு சரி என்பது வேறு விவாதம். வாக்கு எத்தனை பாதுகாப்பாகப் பதியப்பட்டாலும், பட்டியலில் இல்லாதவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

கர்நாடக மாநிலம் ஆலந்து தொகுதியில் நடந்தது இன்னும் கூர்மையான உதாரணம். 2023 சட்டப்பேரவைத் தேர்தலுக்கு முன், அங்கு 6,018 பெயர்களை நீக்கக் கோரி இணையவழியில் விண்ணப்பங்கள் வந்தன. விசாரித்தபோது 24 மட்டுமே முறையானவை எனத் தெரிந்தது. மீதமுள்ள 5,994 விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டு, காவல் துறையில் வழக்கும் பதியப்பட்டது. மற்றவர்களின் பெயரில் அனுப்பப்பட்ட அந்த விண்ணப்பங்கள் பிளாக்செயினில் பதியப்பட்டிருந்தால், 5,994 பொய்களும் அழிக்க முடியாத பொய்களாக நின்றிருக்கும். மோசடியைக் கண்டறிந்தது தொழில்நுட்பம் அல்ல. வீடு வீடாகச் சென்று சரிபார்த்த அலுவலர்கள்தாம்.

கையில் இருக்கும் செல்பேசி

அடுத்த தடை வாக்காளரின் கையில் உள்ளது. பேரேடு எவ்வளவு உறுதியானதாக இருப்பினும், வாக்கு அதைச் சென்றடையும் முன் ஒரு செல்பேசியையும் ஒரு செயலியையும் ஒரு இணைய இணைப்பையும் கடந்து வர வேண்டும். தாக்குதல் நடத்த நினைப்பவர் பேரேட்டைத் தொட வேண்டியதே இல்லை. செல்பேசியைத் தொட்டால் போதும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இதை நேரில் கண்டது. 2018 இடைக்காலத் தேர்தலில், சுமார் 30 நாடுகளில் இருந்த 144 வாக்காளர்கள் வோட்ஸ் என்ற செயலி வழியே வாக்களித்தனர். பிளாக்செயின் தேர்தலின் தொடக்கம் என்று அது கொண்டாடப்பட்டது. 2020 பிப்ரவரியில் எம்ஐடி ஆய்வாளர்கள் அச்செயலியைப் பிரித்து ஆராய்ந்து, வாக்கை மாற்றவும் தடுக்கவும் வெளிப்படுத்தவும் வழிகள் உள்ளதாக அறிவித்தனர். அடுத்த சில வாரங்களில் மாநில அரசு அச்செயலியைக் கைவிட்டது.

மாஸ்கோவில் 2019 நகர மன்றத் தேர்தலுக்காக உருவாக்கப்பட்ட பிளாக்செயின் முறையின் மறையீட்டுத் திறவுகோல்கள் மிகச் சிறியவை என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் பியரிக் கோத்ரி வெளிப்படுத்தினார். சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடங்களில் அவற்றை உடைக்க முடிந்தது. குறை பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் 2021 நாடாளுமன்றத் தேர்தலில், காகித வாக்குகளில் முன்னணியில் இருந்த எதிர்க்கட்சி வேட்பாளர்கள் பலர், இணைய வாக்குகள் சேர்க்கப்பட்டதும் பின்தங்கினர். இணைய வாக்கு முடிவுகளை ஏற்க முடியாது எனக் கம்யூனிஸ்ட் கட்சி அறிவித்தது. பேரேடு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் தோற்றவர் நம்பவில்லை. தோற்றவரை நம்ப வைப்பதே தேர்தல் முறையின் முதன்மைப் பணி.

விளம்பரமும் இத்தொழில்நுட்பத்துக்குக் கேடு செய்திருக்கிறது. 2018 மார்ச்சில் சியரா லியோனில் உலகின் முதல் பிளாக்செயின் தேர்தல் நடந்ததாகச் செய்திகள் பரவின. அந்நாட்டுத் தேர்தல் ஆணையமோ, வாக்குப்பதிவின் எந்தக் கட்டத்திலும் பிளாக்செயினைப் பயன்படுத்தவில்லை என மறுத்தது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று பார்வையாளராக வந்து, ஒரு பகுதியில் அறிவிக்கப்பட்ட வாக்கு எண்ணிக்கையைத் தன் பேரேட்டில் குறித்துக்கொண்டது; நடந்தது அவ்வளவே. 2005 முதல் இணைய வாக்குப்பதிவை நடத்திவரும் எஸ்டோனியாவையும் பலர் பிளாக்செயின் தேர்தல் நாடு என்று சொல்வதுண்டு. அங்கும் வாக்குகள் பிளாக்செயினில் பதியப்படுவதில்லை.

வீட்டுக்குள் ரகசியம் உண்டா?

வாக்குச்சாவடியின் அட்டை மறைப்புக்குப் பின்னால் நிற்கும் சில வினாடிகள், இந்தியாவில் பல பெண்களுக்குக் கணவரோ மாமனாரோ முதலாளியோ பார்க்காத வினாடிகள். செல்பேசி வாக்கில் அந்த மறைப்பு இல்லை. ஒரே செல்பேசியை வீடே பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களில், வாக்கு யாருடைய விரலால் அளிக்கப்பட்டது என்பதை எந்தக் கணித முத்திரையும் சொல்லாது. பீகாரில் ஒரு செல்பேசி எண்ணில் இரண்டு வாக்காளர்கள் மட்டுமே பதிவு செய்யலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டது இந்த அச்சத்தை உணர்ந்தே. வரம்பு மோசடியின் அளவைக் குறைக்கும்; அருகில் அமர்ந்து பார்ப்பவரை அது வெளியேற்றாது.

இதில் இன்னொரு சிக்கலும் பின்னிக் கிடக்கிறது. தம் வாக்கு சரியாகப் பதிவானதா என்று வாக்காளர் பேரேட்டில் சரிபார்க்க முடிய வேண்டும். ஆனால் அதே சான்றைக் காட்டி இன்னாருக்கே வாக்களித்தேன் என்று அவர் நிரூபிக்க முடியக் கூடாது. நிரூபிக்க முடிந்தால் வாக்குக்குப் பணம் கொடுப்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் கணித முறைகள் ஆய்வேடுகளில் உள்ளன. அவற்றைச் சாமானிய வாக்காளருக்கு விளக்குவது எளிதன்று. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று அளித்த தீர்ப்பில், சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் வாக்குப்பதிவின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி, அப்போது பயன்பட்ட வாக்குப்பதிவுக் கணினிகளை ஏற்க மறுத்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2013 அக்டோபர் 8 அன்று, காகிதத் தடம் சுதந்திரமான, நியாயமான தேர்தலுக்கு இன்றியமையாதது என்று தீர்ப்பளித்தது. ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கை 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரிக்கப்பட்டாலும், கண்ணால் பார்க்கும் சீட்டு இன்னும் இருக்கிறது. செல்பேசி வாக்கில் அத்தகைய காகிதம் வாக்காளர் கண்முன் வருவதில்லை.

அழிக்க முடியாமை என்ற சிறப்பே இங்குச் சுமையாகவும் மாறுகிறது. இன்று மறையிட்டுப் பதியப்படும் வாக்கு, 20 ஆண்டுகளுக்குப் பின் வரும் கணினியால் திறக்கப்படலாம். எண்ணி முடித்துச் சட்டக் கெடு கடந்ததும் அழிக்கப்படும் காகிதச் சீட்டுக்கு இந்த ஆபத்து இல்லை.

வேகம் ஒரு தடையா?

ஒரே கட்டத்தில் 10 கோடிப் பேர் வாக்களித்தால், 11 மணி நேரத்தில் வினாடிக்குச் சராசரியாக 2,500 வாக்குகள் பதிவாக வேண்டும். பிட்காயின் வலையமைப்பு வினாடிக்குச் சுமார் 7 பரிவர்த்தனைகளையே கையாளும் என்பதால், பிளாக்செயினால் இது இயலாது என்ற வாதம் உண்டு. அனுமதி பெற்ற கணினிகள் மட்டுமே பங்கேற்கும் அமைப்புகள் இதைவிடப் பன்மடங்கு வேகமானவை. ஆகவே வேகத்தைப் பெரிய தடையாகக் கருத வேண்டியதில்லை.

உண்மையான கேள்வி, அந்த அனுமதி பெற்ற கணினிகள் யாருடையவை என்பது. அனைத்தும் ஒரே அரசின் தரவு மையங்களில் இருந்தால், பல படிகள் இருப்பதன் பொருளே கெட்டுவிடுகிறது. அப்போது அது விலை உயர்ந்த ஒரு சாதாரணத் தரவுத்தளம்.

இத்தொழில்நுட்பம் இந்தியாவில் வேரூன்றிய ஓர் இடம் இதை உறுதிப்படுத்துகிறது. வணிகக் குறுஞ்செய்திகளைக் கட்டுப்படுத்த டிராய் 2018 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, எல்லா நிறுவனங்களும் தம் பெயரையும் செய்தி வடிவத்தையும் பகிர்ந்த பேரேட்டில் பதிய வேண்டும். ஒன்றையொன்று நம்பாத போட்டி நிறுவனங்கள் ஆளுக்கொரு படியை வைத்திருப்பதால் அது செயல்படுகிறது. தொடக்கம் மட்டும் சுமுகமாக இல்லை. 2021 மார்ச் 8 அன்று விதி கண்டிப்புடன் அமலானதும் வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் வந்து சேராமல் பரிவர்த்தனைகள் முடங்க, மறுநாளே டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது. ஒரு வாரம் தள்ளி வைக்கும் இந்த வாய்ப்பு வாக்குப்பதிவு நாளுக்குக் கிடையாது.

காகிதத்தில் ஏற்கெனவே உள்ள பேரேடு

இந்தியத் தேர்தலில் பகிர்ந்த பேரேடு ஒன்று முன்பே உள்ளது. அதன் பெயர் படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியில் பதிவான மொத்த வாக்குகளை இப்படிவத்தில் எழுதி, அங்குள்ள ஒவ்வொரு வேட்பாளரின் முகவருக்கும் ஒரு படியைத் தலைமை அலுவலர் வழங்க வேண்டும் என்பது விதி. ஆளும் கட்சியின் முகவரும் எதிர்க்கட்சியின் முகவரும் ஒரே எண்ணைத் தாங்கிய தாளுடன் வீடு திரும்புகின்றனர். எவரும் தனியே திருத்த முடியாது. பிளாக்செயின் தருவதாகச் சொல்லும் அதே உத்தரவாதம், கணினி இன்றி.

அதன் குறை, எல்லாச் சாவடிகளுக்கும் முகவரை அனுப்பும் வலிமை பெரிய கட்சிகளுக்கு மட்டுமே உண்டு என்பது. 2024 மக்களவைத் தேர்தலின்போது இப்படிவங்களை உடனுக்குடன் இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மே 24 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றம் மறுத்தது. பிளாக்செயினுக்கு உண்மையில் பொருத்தமான வேலை இங்கேதான் காத்திருக்கிறது. சாவடி வாரியான எண்ணிக்கையில் ரகசியம் ஏதும் இல்லை. கட்சிகள் ஆளுக்கொரு படியை வைத்திருக்கலாம். அதேபோல் வாக்காளர் பட்டியலில் எந்தப் பெயர், எந்த நாளில், எந்த அலுவலரின் ஆணையால் சேர்க்கப்பட்டது அல்லது நீக்கப்பட்டது என்ற குறிப்பை அழிக்க முடியாதபடி பதிந்தால், பவானிபூரில் விடுபட்டவர் தம் பெயர் சென்ற வழியைக் கேட்டறிய முடியும். விண்ணப்பம் பொய்யானதா என்பதை அப்பதிவு சொல்லாது. கையெழுத்திட்டவர் யார் என்பதைச் சொல்லும்.

கருவிகள் இல்லாமலும் இல்லை. தேசிய பிளாக்செயின் கட்டமைப்புக்காக 64.76 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 'விஸ்வஸ்யா' என்ற பெயரில் 2024 செப்டம்பர் 4 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. புவனேஸ்வரம், புனே, ஹைதராபாத் தரவு மையங்களில் அது இயங்குகிறது. தமிழ்நாடு அரசு 2020லேயே பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டுள்ளது. ஆயினும் செல்பேசி வாக்கு ஈர்க்கும் கவனத்தை, பட்டியல் மாற்றங்களின் குறிப்பேடு போன்ற கவர்ச்சியற்ற பணி இதுவரை ஈர்க்கவில்லை.

இப்போதைய சட்டப்படி, பவானிபூரில் வசிக்கும் வெளியூர் வாக்காளருக்கு இரண்டு வழிகள் உள்ளன. படிவம் 8 அளித்துத் தம் பெயரை இத்தொகுதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது சொந்த ஊர் வாக்குரிமை நீங்கும். அல்லது தேர்தல் நாளுக்கு முன் ஹவுரா நிலையத்தில் ரயில் ஏற வேண்டும்.